ஏழுமலைக்கு நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் ஹெச்.ஆர். பெண் போன வாரம் எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினாள். வெளிநாட்டு விருந்தினர்களுக்குப் பயணக் குறிப்பு எழுதுவது எப்படி என்று பத்து பாயிண்ட் வேண்டுமாம், ஸ்லைடு போடப் போகிறாளாம். பத்து பாயிண்ட்! குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில், ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் நம் டிராவல்ஸ் ஆபீஸில் உட்கார்ந்து, என் வேலைக்காலம் முழுக்க அந்தக் குறிப்புகளை எழுதியவள் நான். அப்படிப் பாயிண்ட் பாயிண்டாக எழுதித்தான் ஒரு மனிதரைச் சாகக் கிடத்தினேன், இன்னொரு மனிதரின் வேலைக்கு உலை வைத்தேன். அதனால் பாயிண்ட் எல்லாம் கிடையாது. நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பொறுமை குறைவு என்று பழைய ஆட்கள் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அஸ்தினாபுரம் வீட்டில் ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். ‘கொஞ்ச நேரம் உக்காரேன், எனக்குத் தல சுத்துது’ என்கிறார் என் கணவர். இதைக்கூட நான்கு தடவை எழுந்து போய்விட்டு வந்துதான் எழுதுகிறேன்.

நம் வேலை லேசுப்பட்டது இல்லை. டென்மார்க்கிலிருந்தோ கனடாவிலிருந்தோ ஒருவர் மூன்று வாரம் இங்கே வருகிறார். காலையில் மூணாறில் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு டீ குடிப்பார். மத்தியானம் தேனிக்கு இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். வால்பாறையில் அட்டை கடிக்கும், தனுஷ்கோடியில் மணல் சுடும், மதுரையில் கூட்டம் தள்ளிக்கொண்டு போகும். ஒரே நாடுதான், ஆனால் இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு தரம் வானிலை, தண்ணீர், சாப்பாடு, ஜனங்களின் நடை உடை எல்லாம் மாறிவிடும். அவருக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லி எச்சரிக்க வேண்டும். எம்.டி.யோ, ‘ஒரே பக்கம் விஜயா மேடம், அதுக்கு மேல எவனும் படிக்க மாட்டான்’ என்பார்.

ஒரே பக்கத்தில் நான் திணித்த ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு சம்பவம் உண்டு. மூணாறில் ஒரு பெண்மணி, வண்டியை விட்டு இறங்கி போட்டோ எடுக்கத் தேயிலைத் தோட்டத்துக்குள் நான்கு அடி நடந்தார். மூடுபனி இறங்கிவிட்டது. இரண்டு மணி நேரம் அவரைத் தேடினோம். அன்றைக்கே, ‘ஓட்டுநர் இறக்கிவிட்ட இடத்தைவிட்டு எக்காரணம் கொண்டும் நகராதீர்கள்’ என்று தடித்த எழுத்தில் போட்டேன். இன்னொருவர் ஒரு கோயில் ஊரில் யாரோ அன்பாகக் கொடுத்த மோரைக் குடித்து நான்கு நாள் படுக்கையில் கிடந்தார். அதற்கு ஒரு வரி: ‘கண்ணெதிரே சீல் உடைக்கப்பட்ட பாட்டில் தண்ணீரைத் தவிர, யார் எதைக் கொடுத்தாலும் குடிக்காதீர்கள்.’ இரண்டும் நல்ல விதிகள். எந்த ஊருக்கு, எந்த நேரத்துக்கு என்று மட்டும் நான் எழுதவில்லை. எழுத இடமும் இல்லை, எனக்குத் தோன்றவும் இல்லை.

அப்படியே பல வருஷம் ஓடியது. எனக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது ஹென்ரிக் வந்தார்.

ஹென்ரிக் டென்மார்க்காரர், எழுபதைத் தாண்டியவர், கடிகாரம் ரிப்பேர் செய்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. தனியாக மூன்று வாரம் சுற்ற வந்தார். அவருக்கு ஓட்டுநர் ஏழுமலை. முடிச்சூர்க்காரர், நம்மிடம் பன்னிரண்டு வருஷமாக ஓட்டுபவர், கறுப்பாக, கட்டையாக, பேசுவதே கம்மியாக இருப்பார். மலையில் நீங்கள் பின் சீட்டில் தூங்கலாம், அப்படி ஓட்டுவார். மூன்று வாரமும் ஒரு புகார் கிடையாது. ஹென்ரிக் என் குறிப்புத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கடைப்பிடித்த விதிக்கு எதிரே பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வந்தாராம். இப்படி ஒரு விருந்தினர் கிடைக்க மாட்டாரா என்று நாம் ஏங்குவோமே, அப்படிப்பட்டவர்.

ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கடிகாரங்கள் கிடைக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அங்கே போயே தீர வேண்டும் என்றார். ஏற்பாடு இதுதான்: காலை ஒன்பதரைக்கு ஏழுமலை அவரைச் சந்தையில் இறக்கிவிடுவார், அத்தோடு அவர் டூட்டி முடிந்தது. ஹோட்டல் பக்கத்தில்தான் இருந்தது, ஹென்ரிக் ஆட்டோ பிடித்துத் திரும்பிக்கொள்வார். மறுநாள் விமான நிலையத்துக்கு வேறு வண்டி. எல்லாவற்றையும் அட்டவணையில் எழுதி அவரிடம் கொடுத்திருந்தோம்.

மத்தியானம் ஒரு மணி இருக்கும். தயிர்சாத டப்பாவைத் திறக்கிறேன், ஆபீஸ் போன் அடித்தது. ஒரு பெண் குரல், தொண்டை கிழியக் கத்தியது.

“அலோ, டிராவல்ஸா? இங்க பல்லாவரம் சந்தையாண்ட உங்க வெள்ளக்காரரு ஒர்த்தரு சுருண்டு வுயுந்துட்டாரும்மா. பாக்கெட்ல உங்க பேப்பரு கீது, அத்தப் பாத்துதான் போன் போட்றேன்.”

“தண்ணி குடுங்கம்மா மொதல்ல!”

“குடுக்காம இருப்பனா? தண்ணி குட்தேன், மோர் குட்தேன், எளனி வாங்கியாந்து குட்தேன். வாய இறுக்கி மூடிக்கினு தலைய ஆட்டறாரு. இன்னா ஆளும்மா இவுரு? காலைலேர்ந்து அதே எடத்துல வெயில்ல நின்னுகினு இருந்தாரு.”

டப்பாவை மூடிவிட்டு எழுந்தேன். எம்.டி. கார் சாவியை நீட்டினார். வேண்டாம் என்றேன். வெள்ளிக்கிழமை பல்லாவரத்தைக் காரில் கடப்பதற்குள் மனிதர் போய்ச் சேர்ந்துவிடுவார். கீழே இறங்கி ரயில்வே ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஐம்பத்தேழு வயசில், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டு ஏறி இறங்கி, புறப்படுகிற வண்டியில் தொற்றி ஏறினேன். ஒரே ஸ்டேஷன்தான். அந்த ஒரு ஸ்டேஷனுக்குள் ஏழுமலைக்கு ஆறு தடவை போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். மூன்று வாரம் மலையும் கடலுமாக ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர் போனை அணைத்துவிட்டுத் தூங்குவார், இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அவர் மேல்தான் எரிச்சல் வந்தது. எரிச்சல் படுவதற்கு அந்த நேரத்தில் ஆள் வேண்டுமே.

போன் செய்த பெண், சந்தையில் பழைய பித்தளைச் சாமான் விற்கிறவர். தன் கடைத் தார்ப்பாய் நிழலுக்கு ஹென்ரிக்கை இழுத்துப் போட்டிருந்தார். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. தொட்டால் அடுப்புச் சுவர் மாதிரி கொதிக்கிறது, ஆனால் ஒரு பொட்டு வேர்வை இல்லை. அதுதான் பயமாக இருந்தது. மடியில் ஒரு பழைய மேசைக் கடிகாரத்தைக் கட்டிப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் இங்கிலீஷில் என்னவோ முனகினார். குனிந்து கேட்டேன். ஏழுமலை இறக்கிவிட்ட இடத்துக்கே தன்னைத் திரும்பக் கொண்டுபோய் விடச் சொல்கிறார். நிழலுக்கும் அந்த இடத்துக்கும் பத்து அடி தூரம். அங்கிருந்து நகரக் கூடாதாம், ஏழுமலை வந்து தேடுவாராம்.

“ஆஸ்பத்திரிக்குப் போகலாம்” என்றேன். தலையை ஆட்டினார். ஏழுமலை வரட்டும் என்றார். கையைப் பிடித்துத் தூக்கினால் உதறுகிறார். வெயில் மூளைக்கு ஏறிவிட்டது என்று தெரிகிறது, பேசிப் புரியவைக்க நேரமில்லை. அப்போது ஒரு பொய் சொன்னேன்.

“ஏழுமலைதான் என்னை அனுப்பினார். அவரால் வர முடியவில்லை. என்னோடு வரச் சொன்னார்.”

உடனே எழுந்துவிட்டார். அவ்வளவு நேரம் அடம்பிடித்த மனிதர், அந்தப் பெயரைச் சொன்னதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு சமத்தாக நடந்தார். ஆட்டோவில் வைத்துப் புது பாட்டிலை அவர் கண்ணெதிரே திருகினேன். மூடி உடைகிற சத்தம் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். என் விதியை அந்த நிலையிலும் மீறவில்லை, பாவி மனுஷன்.

அந்தப் பொய்யை இன்றும் நான் தப்பென்று சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் நீங்களும் அதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவசரத்தில் சொன்ன பொய்யை, அவசரம் தீர்ந்த அடுத்த நிமிஷமே சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். நான் வாங்கவில்லை.

குரோம்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். டிரிப்ஸ் ஏற்றினார்கள். ‘இன்னும் ஒரு மணி நேரம் வெயில்ல இருந்திருந்தா சொல்றதுக்கு இல்லம்மா’ என்றார் டாக்டர். பயணத்தை ஒரு நாள் தள்ளிவைக்கச் சொன்னார். சாயங்காலம் ஹென்ரிக் தெளிந்து பேசினார். நானும் எம்.டி.யும் கட்டில் பக்கத்தில் நின்றோம். போனை ஹோட்டலிலேயே சார்ஜில் போட்டுவிட்டு வந்தாராம், ஏழுமலைதான் இருக்கிறாரே என்ற தைரியம். பத்தரைக்கே கடிகாரம் வாங்கி முடித்துவிட்டு இறங்கின இடத்துக்கு வந்தாராம். அங்கிருந்து இரண்டரை மணி நேரம்.

“அட்டவணையில் ஆட்டோவில் போவதாகத்தானே இருந்தது?” என்று எம்.டி. கேட்டார்.

ஆமாம் என்றார் ஹென்ரிக். ஆனால் ஏழுமலை இறக்கிவிடும்போது ‘ஐ வில் கோ அண்ட் கம், சார்’ என்று சொன்னாராம். டூட்டி முடிந்தும் அன்பினால் திரும்ப வருகிறேன் என்கிறாரே, வந்து தேடும்போது நான் இல்லாவிட்டால் மனசு கஷ்டப்படுவாரே என்று காத்திருந்தாராம். மூன்று வாரமும் ஒவ்வொரு இடத்திலும் ஏழுமலை அதைச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை நிறுத்தப் போவார், ஒவ்வொரு தடவையும் சொன்னபடி திரும்பி வந்தார். ஒரு தடவைகூட வராமல் இருந்ததில்லை. ‘அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதா?’ என்று எங்களைக் கேட்டார். கையில் டிரிப்ஸ் ஊசியோடு அவர் கவலைப்பட்டது ஏழுமலையைப் பற்றித்தான்.

நான் எம்.டி. முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முந்தின வருஷம் எம்.டி. ஓட்டுநர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தரச் சொன்னார். சனிக்கிழமைகளில் எட்டுப் பேரை உட்காரவைத்து வகுப்பு எடுத்தேன். அதுவரைக்கும் ஏழுமலை விருந்தினரிடம், ‘ஓகே சார், ஐ கோயிங்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அது என் காதில் நாராசமாக விழுந்தது.

“வீட்லேர்ந்து கெளம்பும்போது ‘போறேன்’னு சொல்வீங்களா?” என்று கேட்டேன்.

“சொல்ல மாட்டோம் மேடம்” என்றார்கள் எல்லோரும்.

“அப்ப இங்கிலீஷ்ல மட்டும் ஏன் அபசகுனமா சொல்றீங்க? ‘ஐ வில் கோ அண்ட் கம், சார்’னு சொல்லணும். எங்க, சொல்லுங்க.”

எட்டுப் பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஏழுமலை மட்டும் கையைத் தூக்கினார். “டூட்டி முட்ஞ்சி வூட்டுக்குப் போறப்பகூடவா மேடம்?”

“அப்பவும்தான்” என்றேன். “நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போனா வாய் வலிக்குமா?”

நமக்கு அது விடைபெறும் வார்த்தை. போனவர் திரும்ப வராவிட்டாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டோம். அதை அப்படியே இங்கிலீஷில் தூக்கிப் போட்டால் அது வாக்குறுதி ஆகிவிடும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு வருஷமாக இது ஏன் வெளியே வரவில்லை தெரியுமா? மற்ற விருந்தினர்கள் எல்லோரும் விமான நிலைய வாசலில் விடைபெறுகிறவர்கள். ஓட்டுநர் வருவார் என்று அங்கே யார் நிற்கப் போகிறார்கள்? நடுத்தெருவில் விடைபெற்ற முதல் ஆள் ஹென்ரிக்தான்.

ஆக, நகராதே என்றது நான். குடிக்காதே என்றது நான். திரும்பி வருவேன் என்று ஏழுமலை வாயால் சொல்லவைத்ததும் நான். மூடுபனிக்கு எழுதிய விதியைப் பங்குனி வெயிலில் ஒரு மனிதர் வரிக்கு வரி கடைப்பிடித்திருக்கிறார். எல்லாம் எனக்கு அந்தக் கட்டில் பக்கத்திலேயே விளங்கிவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஹென்ரிக் இன்னொன்றும் சொன்னார். ‘அவரால் வர முடியவில்லை என்று இந்த அம்மாவை அனுப்பினாரே, அதனால் எனக்கு அவர்மேல் கோபம் இல்லை.’ எம்.டி. என் பக்கம் திரும்பி, “ஓகோ, உங்களுக்குப் போன் பண்ணி வேற சொன்னானா?” என்றார். அப்போதும் நான் ‘இல்லை சார்’ என்று சொல்லியிருக்கலாம். நர்ஸ் உள்ளே வந்தாள், பேச்சு மாறிவிட்டது. மாறட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை ஏழுமலையைக் கூப்பிட்டார்கள். அன்றைக்குக் காலையிலேயே ஹென்ரிக்கின் மகள் டென்மார்க்கிலிருந்து போன் செய்து எம்.டி.யை வாங்கு வாங்கு என்று வாங்கியிருந்தாள். யார் தலையாவது உருண்டாக வேண்டும். எம்.டி. கெட்டவர் இல்லை. எல்லோரையும் நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். அன்றைக்கு ஒருமையில் இறங்கிவிட்டார்.

“நீ அவர்கிட்ட போயிட்டு வரேன்னு சொன்னியா, இல்லியா?”

“சொன்னேன் சார்.”

“அப்புறம் ஏன் வரல?”

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டு கையிலிருந்த சாவியைத் திருகினார்.

“வர முடியலேன்னு மேடத்துக்கு மட்டும் சொல்லத் தெரிஞ்சுதா? எங்க போய்த் தொலைஞ்ச?”

ஏழுமலை நிமிர்ந்தார். எம்.டி.க்குப் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்தார். ஒரு ஐந்து விநாடி இருக்கும். நான் மேசை மேலிருந்த ஃபைலைப் புரட்டினேன். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“தப்புதான் சார்” என்றார் ஏழுமலை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். பன்னிரண்டு வருஷம் அப்படி முடிந்தது.

ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். பயம்தான், வேறென்ன. ஓய்வுக்குப் பிறகும் என்னை ஆலோசகராக வைத்துக்கொள்வதாக எம்.டி. சொல்லியிருந்தார். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் நான் செத்துவிடுவேன் என்று எனக்கு ஒரு கிலி. அதோடு, இத்தனை வருஷம் எல்லோருடைய தப்பையும் சிவப்பு மசியால் திருத்தியவள், என் தப்பை என் வாயால் சொல்ல நாக்கு எழவில்லை. நாளைக்குச் சொல்லலாம், எம்.டி. கோபம் ஆறட்டும், விருந்தினர் ஊர் போய்ச் சேரட்டும். இப்படி நாள் தள்ளுவதற்குக் காரணமா கிடைக்காது? எல்லாமே நியாயமான காரணமாகத்தான் தோன்றும்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு முழுக்க வீட்டில் நடந்தேன். துணி மடித்தேன், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். என் கணவர் ஒன்றும் கேட்காமல் அதைச் சாப்பிட்டார், அது இன்னும் எரிச்சலாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பொறுக்க முடியவில்லை. தாம்பரம் போய், மேற்குப் பக்கம் இறங்கி, முடிச்சூர் பஸ் பிடித்தேன். பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டேதான் போனேன்.

கதவைத் திறந்தது ஏழுமலையின் மனைவி செல்வி. என்னை முன்பே ஒரு தடவை ஆபீஸ் பூஜையில் பார்த்திருக்கிறாள். முகம் கொடுத்துப் பேசாமல், “உள்ள வாங்க மேடம்” என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாள். ஏழுமலை லுங்கியோடு தரையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

“ஏழுமலை, நீங்க அன்னிக்கு அவர்கிட்ட சொன்னது நான் கிளாஸ்ல சொல்லிக்குடுத்தது. உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும் மேடம்.”

“நீங்க என்னை அனுப்பினதா சொன்னதும் நான் விட்ட கதை.”

“அதுவும் அங்கியே புரிஞ்சி போச்சு மேடம்.”

“அப்புறம் ஏன் எம்.டி. கிட்ட சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா?” என்னை அறியாமல் அதட்டிவிட்டேன். தப்பு செய்தவள் நான், அதட்டுவதும் நான். எப்படி இருக்கிறது பாருங்கள்.

ஏழுமலை கோபப்படவில்லை. “நீங்க எதிர்லியே குந்திகினு இருந்தீங்களே மேடம். நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்” என்றார். பிறகு, “சொல்லல. சரி, அவுங்களுக்கு இன்னா கஷ்டமோன்னு வுட்டுட்டேன்.”

இதைவிட அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். கைப்பையிலிருந்து போனை எடுத்து, அங்கேயே, அவர்கள் இரண்டு பேர் எதிரில், ஸ்பீக்கரில் போட்டு எம்.டி.யைக் கூப்பிட்டேன். ஒன்று விடாமல் சொன்னேன். வகுப்பு, வாக்கியம், ஏழுமலை கையைத் தூக்கிக் கேட்ட கேள்வி, சந்தையில் சொன்ன பொய், ஆஸ்பத்திரியில் வாயை மூடிக்கொண்டது எல்லாம்.

“ரெண்டு நாளா ஏன் சொல்லல?” என்றார் எம்.டி.

“பயம் சார்.”

“நீங்களா?” என்றார். பிறகு, “ஹென்ரிக்குக்குச் சாயங்காலம் ஃப்ளைட். காலைலேர்ந்து ஏழுமலையத்தான் கேட்டுட்டிருக்கார். அவரை வரச் சொல்லுங்க, ஏர்போர்ட்டுக்கு அவரே கொண்டுபோய் விடட்டும். சாவி என் டேபிள்லதான் இருக்கு. நேத்திக்குப் பேசினதுக்கு நான் அவர்கிட்ட நேர்ல சாரி சொல்லிக்கறேன். உங்ககிட்ட நாளைக்குப் பேசறேன்.”

மறுநாள் என்ன பேசினார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். நான் இன்றைக்கு அங்கே ஆலோசகர் இல்லை, வீட்டு ஹாலில்தான் நடந்துகொண்டிருக்கிறேன். அது எனக்குச் சரியான தண்டனைதான், அதில் வருத்தமில்லை. விருந்தினர் குறிப்பும் இப்போது ஒரே பக்கம் இல்லை. மலைக்கு ஒன்று, கடற்கரைக்கு ஒன்று, கோயில் ஊருக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ஒவ்வொரு விதிக்கும் கீழே, அதை எப்போது மீறலாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். இடமில்லை என்று அதை மட்டும் வெட்டிவிடாதீர்கள். விடைபெறும்போது நம் ஓட்டுநர்கள் என்ன சொன்னாலும், ‘என் வேலை இத்துடன் முடிந்தது, நான் திரும்ப வரமாட்டேன்’ என்பதைப் பச்சையாகச் சொல்ல வேண்டும். கேட்க நன்றாக இருக்காதுதான். பரவாயில்லை.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை. அன்றைக்கு அந்த வீட்டில் போனை வைத்ததும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. சரிசெய்துவிட்டேன், வேலை திரும்பக் கிடைத்துவிட்டது, கிளம்பலாம் என்று பையை மூடினேன். இரண்டு நாளில் முதல் தடவையாக ஒரு வாய் காபி குடிக்கலாம் போல இருந்தது.

செல்வி சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். “அப்ப இவுரு மேல தப்பே இல்லியா மேடம்?”

“இல்லம்மா. ஒரு தப்பும் இல்ல. எல்லாம் நான் பண்ணது.”

“நேத்து வந்து ‘வேல பூட்ச்சி, தப்பு என் மேலதான்’னு சொன்னாரு மேடம். இன்னா தப்புன்னு கேட்டா வாயே தொறக்கல.” அவள் நிலையை விட்டுவிட்டு ஓரடி முன்னால் வந்தாள். “குட்ச்சிட்டு எங்கனா படுத்துகினியா, ஒரு பெரியவர வெயில்ல சாவ வுட்டியான்னு கேட்டுட்டேன் மேடம். பசங்க எதிர்லியே கேட்டுட்டேன். இந்த மனுசன் ஒரு நாளு குட்ச்சதில்ல. பெரியவ நேத்துலேர்ந்து அப்பாவாண்ட பேசல. இவுரு வெச்ச சோத்தத் தொடல.”

“வுடு செல்வி. அத்தப் போயி மேடத்தாண்ட எதுக்கு சொல்லிகினு கீற?” என்றார் ஏழுமலை. ஆணியில் மாட்டியிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினார்.

சனிக்கிழமை காலை அந்த ஐந்து விநாடியில் நான் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கேள்வி இந்த வீட்டில் விழுந்தே இருக்காது. வேலையைத் திரும்ப வாங்கிக் கொடுத்தேன், சரி. இதை எங்கே போய்த் திரும்ப வாங்குவேன்? செல்வியிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். இத்தனை வருஷம் ஊர் ஊருக்கு வாக்கியம் எழுதியவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

உள்ளறைக் கதவு மெல்லத் திறந்தது. காலேஜில் படிக்கிற பெரிய பெண், கையில் புத்தகத்தோடு நின்றிருந்தாள். ஸ்பீக்கரில் பேசியதெல்லாம் அவளுக்கும் கேட்டிருக்கிறது. கண் சிவந்திருந்தது. அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, “சாப்டியாம்மா?” என்று அவளைக் கேட்டார்.

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.